நன்கொடைக் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்தியவருக்கு

அமெரிக்காவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியின் அறக்கட்டளை நண்பர்களுக்கும், இங்கே படித்துச் சென்றும் எங்களை மறக்காத பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

ஆய்வேடுகள் எல்லாம் கையெழுத்தாகிவிட்டன. அரசு நிதி நின்று ஆய்வகம் பூட்டிக் கிடந்த வாரங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடைசி ஆய்வேடு ஒப்படைக்கப்பட்ட சூட்டோடு சூடாக இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, அறக்கட்டளை அலுவலகத்தில் நன்கொடைக் கடிதங்களை வரிவரியாகப் படித்துப் பார்க்கும் அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் செய்தது ஒரே ஒரு வரியைத் திருத்தியதுதான். அந்த வரி இல்லையென்றால் இன்று இந்த மடலும் இல்லை.

கொடையாளர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்: இன்ன மாடல் ட்ரோன் இரண்டு வாங்குவதற்கு மட்டும் இந்தத் தொகை. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு ஒரு நன்கொடையை ஏற்கும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்தே ஏற்கிறது. பணம் கருவூலத்தில் உள்ள கடற்படைப் பொது நன்கொடை நிதிக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு நிபந்தனையில் சொன்ன காரியம் தவிர வேறு எதற்கும் அதைத் தொட முடியாது. அந்த மாடலை நிறுவனம் நிறுத்திவிட்டால் பணம் அப்படியே கிடக்கும். விலை ஏறி இரண்டு வாங்கப் போதாமல் போனாலும் அதே கதிதான். நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் கொடையாளரிடம் திரும்பப் போய் எழுதி வாங்கி, ஃபைலை மறுபடி அடியிலிருந்து மேலே அனுப்ப வேண்டும். அதற்குள் மாணவர் பட்டம் வாங்கிக் கப்பலுக்குப் போயிருப்பார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2020 நிதியாண்டின் தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம், 848-ஆம் பிரிவின்படி, சீனத் தயாரிப்பு ட்ரோன்களைப் பாதுகாப்புத் துறை வாங்கவும் கூடாது, இயக்கவும் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை குறுகியவை. முழு ட்ரோனுக்கு மட்டுமல்ல, பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, ரேடியோ, தரவு அனுப்பும் கருவி, கேமரா, கேமராவைத் தாங்கும் கிம்பல், தரைக் கட்டுப்பாட்டு அமைப்பு, இயக்க மென்பொருள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இலவசமாக வந்தது என்பதால் தடை விலகாது, ஏனென்றால் இயக்குவதே தடை. பலர் இதைக் கொட்டேஷனில் போட்டிருக்கும் நிறுவனத்தின் முகவரியை வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த அம்மா விற்பனையாளரிடம் பாகம் பாகமாக எங்கே செய்தது என்று பட்டியல் கேட்டார். உடல் பகுதியில் பிரச்சினை இல்லை, கிம்பல்தான் மாட்டியது. பட்டியல் வந்த அன்றே கொடையாளருக்குப் போன் போட்டு விளக்கி, புது வரியை அவர் கையாலேயே எழுதி வாங்கினார்:

“ஆளில்லா வான்கலங்கள் குறித்த மாணவர் ஆய்வுக்கு, கருவிகள், உதிரி பாகங்கள், பேட்டரிகள், பழுதுபார்ப்பு, களச்சோதனைச் செலவு உட்பட. இத்தேவை தீர்ந்தபின் மீதியைப் பள்ளித் தலைவர் தீர்மானிக்கும் ஒத்த ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்.”

பேட்டரி என்று தனியாக எதற்கு என்று அப்போது எங்களில் சிலர் நினைத்தோம். ஆய்வகம் பூட்டிக் கிடந்தபோது அதற்குப் பதில் கிடைத்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியை நாள்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். மறுநாள் பறப்புக்கென்று 4.2 வோல்ட் வரை முழுதாக ஏற்றி வைத்திருந்தவை அப்படியே நின்றுவிட்டன. கதவு திறந்தபோது உறை உப்பி, பெட்டியில் இருந்து எடுக்கவே இறுக்கமாக இருந்தது. அந்த நிலையில் அவற்றை மறுபடி சார்ஜ் போடுவது தீயை வரவழைப்பது. தனித்தனியாக மணல் வாளியில் போட்டு அப்புறப்படுத்திவிட்டுப் புதிய தொகுப்பு வாங்க வேண்டியிருந்தது. கதவு திறந்தாலும், ஆண்டு நிதிச் சட்டம் நிறைவேறும் வரை அரசை ஓட்டும் தற்காலிக நிதித் தீர்மானம் நடப்பில் இருக்கும்போது ஆண்டு ஒதுக்கீட்டில் புது வேலை எதையும் தொடங்க முடியாது, பழைய வேலைக்கும் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நன்கொடை நிதியில் பணமும் இருந்தது, அதைச் செலவழிக்கிற வாசகமும் இருந்தது. பறப்புகள் நடந்தன, தரவு கிடைத்தது.

அரசுப் பள்ளிக்கு அறக்கட்டளை எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சில வார்த்தை. 1909-இல் அன்னாபொலிஸில் தொடங்கி 1951-இல் மான்டரேக்கு வந்த பள்ளி இது. சம்பளமும் கட்டடமும் நாடாளுமன்ற ஒதுக்கீட்டில்தான். யாராவது அன்போடு ஒரு செக்கை நீட்டினால், தனிச் சட்ட அனுமதி இல்லாதபட்சத்தில் அது கருவூலத்தின் பொதுக் கணக்கில் கரைந்துபோகும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 31-ஆம் தலைப்பு, 3302-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பள்ளி, நூலகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்காக வரும் நன்கொடையை ஏற்க வழி விடுவது அதே தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 2601-ஆம் பிரிவு. ஆனால் அந்த வழியிலும், பள்ளியில் வேலை செய்பவர் யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. ஒரு பேராசிரியர் நிறுவனம் ஒன்றுக்கு ‘எங்களுக்கு இது கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் போட்டாலே அந்த நன்கொடை கெட்டுப்போகலாம். கேட்கிற வேலை வெளியே நிற்கும் அறக்கட்டளையுடையது. நியூபோர்ட்டில் கடற்படைப் போர்க் கல்லூரிக்கும், கார்லைலில் தரைப்படைப் போர்க் கல்லூரிக்கும் இப்படித் தனித்தனி அறக்கட்டளைகள் இருக்கின்றன.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். கருத்தரங்கப் பயணச் செலவுக்கான செக்கை மாணவர் பெயரில் எழுதாமல் துறையின் பெயரில் எழுதி, பயணத்துக்கு முன்பே ஒப்புதலும் வாங்கித் தந்தவர்களுக்கு நன்றி. முன்னதாக ஒப்புதல் வாங்காததால் நின்றுபோன பயணங்கள் எத்தனையோ. பரிசுத் தொகைக்கான தேர்வு விதிகளை எழுத்தில் வைத்திருந்ததால் நெறிமுறை ஆலோசகரால் உடனே எழுத்து மூலம் அனுமதி தர முடிந்தது. வரவேற்பில் தேநீருக்கு அரசுப் பணத்தைத் தொட முடியாது, அதையும் அறக்கட்டளையே பார்த்துக்கொண்டது. வந்து இறங்கிய வெளிநாட்டு அதிகாரிகளின் குடும்பங்களை வரவேற்ற தன்னார்வலர்களுக்கும், பெட்டி வந்த அன்றே சொத்துப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்த கிடங்குக்காரருக்கும், நிபந்தனை ஏதும் போடாமல் சிறு தொகை அனுப்பிய பழைய மாணவர்களுக்கும் நன்றி. கடைசியாகச் சொன்ன அந்தச் சிறு தொகைகள்தான் அவசரத்துக்கு முதலில் கைகொடுப்பவை. நிரந்தர வைப்பாக 1 லட்சம் டாலர் கொடுத்தாலும், வழக்கமான 4 அல்லது 5 சதவீதக் கணக்கில் ஆண்டுக்கு 4,000, 5,000 டாலர்தான் செலவுக்கு வரும். பெயர் நிலைக்க வைப்பு நல்லது. இந்தப் பருவத்து மாணவருக்கு உதவ, இப்போதே செலவழிக்கக்கூடிய கொடை நல்லது. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டாவது எப்போதும் குறைவாகவே வருகிறது.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்கு. நாங்கள் கேட்க முடியாது, ஆனால் அறக்கட்டளை கேட்டால் தேவையைச் சொல்லலாம். அப்போது தேடிக்கொண்டிருக்க மாட்டோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கத் தாள் இருக்கும்: எந்த ஆய்வுக்கு, எத்தனை, பாகங்கள் எங்கே செய்தவை, பள்ளியின் வலைப்பின்னலில் இணைக்க வேண்டுமா தனியாக ஓடுமா, மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு யார் பணம், தேவை தீர்ந்தால் மீதி எதற்கு. வலைப்பின்னல் கேள்வியை யாரும் விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு அனுமதி இல்லாத கணினி, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், மேசையில் சும்மாதான் இருக்கும். அக்டோபர் 1-இல் நிதியாண்டு பிறக்கிறது என்பதால் ஜூலைக்குள் இந்தத் தாள்களைப் புதுப்பித்து வைப்போம். முதல் தாளில் பேட்டரி வரி ஏற்கெனவே எழுதியாயிற்று.

நன்றியுடன்,
வான்கல ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும்