நீல ஃபியூஸ்

நாமக்கல்
24.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிட்டு நீ ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வருகிறது, பிறகு அழைப்பு வருவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடிதம் எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதை உன் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் உன் கைக்கு வரத் தாமதமாகலாம் என்று ஏனோ தோன்றியது.

எழுதுவதற்குக் காரணம் உன் வண்டியின் லைட்டர் சாக்கெட்.

நீ வந்த மறுநாள் விடியற்காலையில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, டயரில் காற்று பார்க்கலாமென்று உன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முப்பத்தைந்து வருடம் வண்டி வயரிங் பார்த்தவனின் மூக்கு சும்மா இருக்காது. கதவைத் திறந்ததுமே பேக்கலைட் கருகிய வாடை அடித்தது. சாக்கெட்டில் செருகியிருந்த இரட்டைப் பிளக்கை இழுத்தால் வரவில்லை. திருகி, ஆட்டி, மெல்ல உருவிப் பார்த்தபோது அதன் நடு முள்ளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பாகு பதத்தில் இளகி, மறுபடி இறுகி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முள்ளின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் சூட்டில் தன் விசையை இழந்து, அமுக்கினால் திரும்பி எழாமல் கிடந்தது. அதை நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ தேடியிருப்பாய், இதற்குள் வேறொன்று வாங்கியும் இருப்பாய். வாங்கியிருந்தால் அதையும் தூக்கி எறிந்துவிடு.

அந்த சாக்கெட் முதலில் சிகரெட் பற்றவைக்க வந்தது. சில நொடிகள் சூடேறித் தானே வெளியே துள்ளிவிடும் ஒரு கம்பிச் சுருளுக்காக அமைந்த ஓட்டையில்தான் இன்று உலகமே பிளக்கைச் செருகுகிறது. வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டைப் போல அது பிளக்கை இறுகப் பிடிப்பதில்லை. ஓடும்போது வண்டி அதிர அதிரப் பிளக் தளரும். பத்து ஆம்பியர் ஓடுகிற இடத்தில் தொடுப்பு சற்றுத் தளர்ந்து, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானால்கூட, அந்த ஒரே புள்ளியில் 10 வாட் வெப்பம் கிளம்பும். நம் பட்டறையில் ஈயம் பற்றவைக்க நான் வைத்திருந்த கோல் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார். இதில் ஃபியூஸ் உன்னைக் காப்பாற்றாது. அதற்குத் தெரிவது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மட்டுமே. பிளக் உருகுவது அதற்குத் தெரியாது.

ஃபியூஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாக்கெட்டுக்கு நீல நிறத்து 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்து 30 ஆம்பியர் உட்கார்ந்திருந்தது. யார் மாற்றியது என்று நான் கேட்கப்போவதில்லை. வண்டியை உனக்கு விற்றவராக இருக்கலாம். ஆனால் நடந்தது எனக்குத் தெரிகிறது. இரட்டைப் பிளக்கின் ஒரு வாயில் கெட்டில், மறு வாயில் இன்வர்ட்டர் வழியாக மடிக்கணினி. கெட்டிலுக்கு 10 ஆம்பியர், மடிக்கணினிக்கு 6 ஆம்பியர், ஆக 16. நீலம் உடனே போகாவிட்டாலும், நாள்படச் சூடேறிப் போயிருக்கும். மறுபடி நீலம் போட, மறுபடியும் போயிருக்கும். சலித்துப்போன யாரோ பச்சையைச் செருகிவிட்டார்கள். சாக்கெட்டின் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று அச்சிட்டிருக்கிறதே, அதைப் படிக்கவில்லையா? உள்ளே போகும் வயர் 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு அளவெடுத்துப் போட்டது. மூடி திறந்திருக்கும் சாக்கெட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசு தவறி விழுந்தால், நீலம் இருந்தால் அது எரிந்து எல்லாம் அத்தோடு முடியும். பச்சை இருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரே முதலில் எரியலாம். நான் நீலத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். முன் டப்பாவில் இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன். அவையும் போனால் எனக்குச் சொல், பச்சையைத் தேடிப் போகாதே.

பின் இருக்கையில் தலையணையும், சோப்பு டப்பாவும், ஹேங்கரில் இரண்டு சட்டைகளும் இருந்தன. அவை மின்சாரச் சாமான்கள் இல்லை, எனவே அவற்றைப் பற்றி நான் எழுதவில்லை.

பேட்டரியைப் பற்றி எழுத வேண்டும். முதல் நாள் 250 கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி. ஓர் இரவு நின்ற பிறகு மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியிருக்க வேண்டும். 12.1 காட்டியது. பேட்டரியின் மேலுள்ள முத்திரையைத் துடைத்துப் பார்த்தேன், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தம்பி, ஓடுகிற வண்டியின் பேட்டரி ஒரு வருடத்தில் இப்படித் தேய்வது அரிது. நிறுத்திய வண்டியில், எஞ்சினை அணைத்துவிட்டு, இரவுக்கு இரவு மின்சாரத்தை அடிமட்டம் வரை உறிஞ்சினால்தான் இப்படி ஆகும். உன்னுடையது 35 ஆம்பியர் மணி பேட்டரி, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறக்குறைய 35 மணி நேரம் வரும். மூன்று மணி நேரம் மடிக்கணினி ஓடினால் 18 போகும். 120 வாட் கெட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும், அதற்கு 5 போகும். மீதியை வைத்துக்கொண்டு காலையில் செல்ஃப் எடு என்றால் எப்படி எடுக்கும்? வண்டி பேட்டரி செல்ஃப் அடிக்கும் சில நொடிகளுக்கு வேகமாகக் கொடுப்பதற்காகச் செய்தது, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு இல்லை. பெங்களூர் நெரிசலில் நாலு கிலோமீட்டர் ஊர்ந்து அலுவலகம் போனால் பேட்டரி இழந்ததை, எஞ்சின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுத்துவிடாது. புதிய பேட்டரி வாங்கிப் போடலாம், பணம் நான் தருகிறேன் என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய்.

பதினோரு வயதில் அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்து எனக்குச் சொன்ன பிள்ளை நீ. லாரி டிரைவர்கள் உன்னைச் சின்ன மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றும் திருச்சி ரோட்டில் யாராவது உன்னை விசாரித்தால், பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று, அவர்கள் கேட்டதற்கு மேலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்டவன் பேட்டரி டெர்மினலில் பச்சைப் பூசணம் பூக்க விட்டிருக்கிறாயே. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவில் ஸ்பானர் இருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கியரைக் குறைத்து வா, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராதே.

உன் நண்பர்களில் யாரேனும் ஏதோ ஒரு நிலைமையில் சில நாட்கள் வண்டியிலேயே இரவு தங்க நேர்ந்தால், இதை அவர்களிடம் சொல். கொசுவுக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கண்ணாடியைத் திறந்து வைத்தும் கூடாது. சைலன்சர் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று போதும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. அது ஆளை எழுப்பாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள்; ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது யாரோ எவரோ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இந்த மாதம் அந்தச் செய்தி தினமும் நினைவுக்கு வருகிறது. உன் நண்பர் என்றதால் சொல்கிறேன்.

உன் சின்ன அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா ஆவணிக் கடைசியில் வருகிறது. அழைப்பிதழில் உங்கள் இருவர் பெயரையும் போடலாமா என்று அத்தை கேட்டாள், போடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். புதிதாக இரட்டைப் பிளக் வாங்கியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறி.

பச்சை ஃபியூஸைக் கையில் எடுத்தபோது எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இந்த வயதிலும் கையை ஓங்கும் கோபம். ஓங்கிய பிறகுதான், இதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

1999இல் பழனி போய்விட்டுத் திரும்பும் வழியில், தாராபுரம் தாண்டி நடந்தது உனக்கு மறந்திருக்காது. அம்மாயிக்கு வியர்க்கிறது என்று நீதான் அந்தச் சின்ன விசிறியை அம்பாசிடரின் சாக்கெட்டில் செருகினாய். டேஷ்போர்டிலிருந்து புகை வந்து, எல்லோரும் குதித்து இறங்கி, யாரோ ஒரு லாரிக்காரர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளை, நடுரோட்டில், அத்தனை பேர் முன்னிலையில் உன்னை அடித்தேன். "வண்டிக்குத் தீ வைத்தவன்" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் உன்னைக் கேலி செய்கிறார்கள். நானும் உடன் சிரிக்கிறேன்.

அந்த சாக்கெட்டின் கண்ணாடி ஃபியூஸ் முந்தின வாரமே போயிருந்தது. ஏன் போயிற்று என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. வெளி வண்டிகள் நாலு வேலைக்காகக் காத்து நின்றன. மூன்று பிரி செம்புக் கம்பியை எடுத்து அந்த ஃபியூஸின் மேல் சுற்றி மாட்டிவிட்டேன். உள்ளே வயரின் தோல் தகட்டில் உரசிக் கிழிந்திருந்தது. நல்ல ஃபியூஸ் இருந்திருந்தால் மறுபடி ஒரு பொட்டு எரிந்து அத்தோடு முடிந்திருக்கும். உன் விசிறி செய்த தப்பு ஒன்றுமில்லை, அது ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. அன்று இரவு வண்டியைக் கட்டி இழுத்து வந்து நிறுத்திய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அந்தக் கம்பியைப் பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அந்த அடிக்குப் பிறகு நீ பட்டறைக்கு வந்தாய், வேலை கற்றுக்கொண்டாய், ஆனால் எதுவும் உடைந்துபோனால் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாய். மதிப்பெண் குறைந்ததையும் அம்மாவிடம்தான் சொன்னாய், கல்லூரியில் தவறிய பாடத்தையும் அவளிடம்தான் சொன்னாய். இப்போது அவளிடமும் சொல்வதில்லை.

நான் செய்தது தப்பு தம்பி. இதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டு வாரமாக மாடி அறையில் வேலை பார்த்தேன். பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்திருக்கிறேன். ஜன்னலோரம் மேசை போட்டு மடிக்கணினிக்கு இரண்டு பாயிண்ட் வைத்திருக்கிறேன், கெட்டிலுக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட். இன்டர்நெட்காரர் திங்கட்கிழமை வருகிறார். நேற்று எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், 232 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரியாக இருக்கிறது. வண்டியை நிறுத்த வேப்பமரத்தடியில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்; புறப்படும் அன்று காலை செல்ஃப் எடுக்காவிட்டால் போன் செய், எந்த நேரமானாலும் பேட்டரியை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
அப்பா