துப்பாக்கி எடுத்த பெண்களுக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள்

அல்மேரியா வெஸ்டர்ன் திரைப்பட விழாவை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினில் இருக்கும் உங்கள் தபர்னாஸ் பாலைவனத்துக்கு நான் வந்ததில்லை. ஆனால் அந்த வெளிறிய குன்றுகளையும் வறண்ட ஓடைகளையும் எத்தனையோ வெஸ்டர்ன்களில், அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக வரும் கௌபாய் படங்களில், பார்த்துப் பார்த்து, வழி கேட்காமலே நடந்துவிடுவேன் என்று தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டேன். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள்.

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் 1968-ஆம் ஆண்டுப் படமான ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’டுக்காகக் கட்டிய மரவீடு உங்கள் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. கதைப்படி அது கிளாடியா கார்டினாலே நடித்த ஜில்லின் வீடு. கணவனையும் அவன் பிள்ளைகளையும் ஒரு கும்பல் கொன்றுபோட்ட பிறகும் அந்த நிலத்தை விட்டுப் போகாதவள் அவள். கடைசிக் காட்சியில் ரயில் பாதை போடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவளும் அவள்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் கணக்குத் தீர்க்கும் துப்பாக்கிச் சண்டை அங்கே ஆண்களுக்கு மட்டுமே உரியது. அந்தக் கணக்கைத் தாமே தீர்த்த பெண்களும் ஐரோப்பிய வெஸ்டர்ன்களில் இருந்தார்கள். அவர்களுக்காக உங்கள் விழாவில் ஓர் இரவு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

முதலில் காட்ட வேண்டியது ‘ஹானி கோல்டர்’. 1971-இல் வந்த பிரிட்டிஷ் படம். எடுத்தது உங்கள் அல்மேரியாவில். நாயகி ஹானியாக ராக்கெல் வெல்ச். மூன்று சகோதரர்கள் ஹானியின் கணவனைக் கொன்று, அவளை வன்புணர்ந்து, வீட்டுக்கும் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். பரிசுப் பணத்துக்குக் குற்றவாளிகளைப் பிடிக்கும் ஒருவனிடம் ஹானி சுடக் கற்றுக்கொள்கிறாள். அந்தக் கற்றலுக்குப் படம் நிறைய நேரம் கொடுக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம். அவள் பிறவி வீராங்கனை இல்லை. பழகிப் பழகித்தான் கை பதிகிறது. கடலோரத்தில் குடியிருக்கும் துப்பாக்கிக் கொல்லனாகக் கிறிஸ்டோபர் லீ வருகிறார். அவளுக்கென்றே ஒரு துப்பாக்கி செய்து தருகிறார். ஆண்களுக்காகச் செய்ததைக் கடன் வாங்காமல், தன் கைக்கேற்ற ஆயுதத்தோடு ஒரு பெண் கிளம்புவதை வேறு எந்த வெஸ்டர்னிலும் நான் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை. ஆனால் விளம்பரம் விற்றதெல்லாம் போர்வைக்குக் கீழே தெரியும் ராக்கெல் வெல்ச்சின் கால்களை. அந்தச் சுவரொட்டியை மறுபடி மாட்டாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது எல்சா மார்ட்டினெல்லி அமெரிக்கக் கொள்ளைக்காரி பெல் ஸ்டாராக நடித்த 1968-ஆம் ஆண்டு இத்தாலியப் படம். ஆண் உடை, சுருட்டு, சீட்டாட்டம் என்று அவள் திரையை ஆள்கிறாள். இத்தாலியத் தலைப்போ ‘ஒரு போக்கருக்கு என் உடல்’ என்கிறது! டைட்டிலில் இயக்குநர் பெயர் நேதன் விச். உண்மையில் அவர் லீனா வெர்ட்முல்லர். ஆங்கிலப் பெயர் போட்டுக்கொள்வது அன்றைய இத்தாலிய வழக்கம்தான்; லியோனேகூட 1964-இல் பாப் ராபர்ட்சன் என்று வந்தவர். ஆனால் வெர்ட்முல்லர் விஷயத்தில் மறைந்தது பெயர் மட்டும் இல்லை. இயக்கியவர் பெண் என்பதும் சேர்ந்தே மறைந்தது. பின்னாளில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பெண் இவர். நிகழ்ச்சி நிரலில் அவர் சொந்தப் பெயரைப் பெரிதாக அச்சிடுங்கள்.

இவை எல்லாமே நல்ல படங்கள் என்று நான் சொல்லவில்லை. 1971-இன் ‘லே பெட்ரோலூஸ்’ படத்தில் பிரிஜித் பார்தோ ரயில் கொள்ளைக்காரியாக வருகிறார். கார்டினாலே அவருக்கு எதிராளி. இருவரும் கட்டிப்புரண்டு சண்டை போடுவதை வேடிக்கைப் பொருளாகத்தான் படம் வைத்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அப்புறம், சார்டினியாவில் எடுத்த ‘ஜாரெத்தியேரா கோல்ட்’ என்ற இத்தாலியப் படம் கதையளவில் தடுமாறும். நாயகி நிகோலெத்தா மாக்கியவெல்லி வந்து நின்றால் அது பெரிதாகத் தெரியாது. சுமாரான ஆண் வெஸ்டர்ன்களையும் தேடித்தேடித் திரையிடுகிறோம், கொண்டாடுகிறோம். இவற்றுக்கு மட்டும் தனி அளவுகோல் வேண்டாம்.

‘ஹானி கோல்டர்’ படத்தைத் திறந்தவெளியில், அதை எடுத்த மண்ணிலேயே போடுங்கள். ராக்கெல் வெல்ச் 2023-இல் போய்விட்டார், கார்டினாலேவும் இப்போது இல்லை. அந்த ஆண்டுகளில் அவர்களோடு வேலை செய்த உங்கள் ஊர்க்காரர்கள், குதிரை ஓட்டியவர்கள், உடை தைத்தவர்கள், கூட்டத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால், படம் தொடங்கும் முன் அவர்களைப் பேச வையுங்கள். அந்த இரவுக்கு நான் டிக்கெட் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ஒரு வெஸ்டர்ன் ரசிகை