100 மீட்டரில் கடைசியாக வந்தவளைப் பற்றி

அன்புள்ள மாமா,

ஸ்போர்ட்ஸ் டே அன்று, உங்கள் மகளைக் காட்டி, "இவளுக்கு விளையாட்டெல்லாம் வராது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டீர்கள். 100 மீட்டரில் பாப்பா கடைசி, உண்மைதான். ஆனால் 600 மீட்டர் நடந்தபோது நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். முதல் சுற்றில் பின்னால்தான் ஓடினாள். பாதியைத் தாண்டியதும் முன்னால் போனவர்களுக்கு வாய் பிளந்து, தோள் காதுவரை ஏறிவிட்டது. இவள் கிளம்பிய அதே வேகத்தில் வந்து ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். முடித்த கையோடு வர்க்கி வாங்கித் தரச் சொல்லி என்னிடம் மல்லுக்கு நின்றாள். பெரிதாக மூச்சு வாங்கவில்லை.

தசை இழைகளில் சட்டென்று வெடித்துக் கிளம்பும் வகை உண்டு, நெடுநேரம் தாங்கும் வகையும் உண்டு. எது அதிகம் என்பதில் பிறப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் பார்த்தது முதல் வகைக்கான பரீட்சையை மட்டும்.

அப்புறம் நம் ஊர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர். அந்த மெல்லிய காற்றில் சமவெளியிலிருந்து வந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் திணறினார்கள். கென்ய மலைப்பகுதியில் வளர்ந்த கிப் கெய்னோ 1,500 மீட்டரில் தங்கம் வாங்கினார். பாப்பா தினமும் படியேறி வீடு வருவது அப்படிப்பட்ட காற்றில்தான். அதற்காக ஊட்டிப் பிள்ளைகள் எல்லாரும் கெய்னோ ஆகிவிட மாட்டார்கள், சரி.

நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடியவர். உயரம் தாண்டச் சொல்லித் திருப்பிவிட்டவர் பி.டி. ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அவளைத் தினம் ஐந்து கிலோமீட்டர் ஓட விட்டுவிடாதீர்கள்! பதினொரு வயசில் எலும்பின் வளர்முனைகள் இன்னும் இறுகியிருக்காது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் முட்டியும் குதிகாலும் வலிக்க ஆரம்பிக்கும். கோ-கோ, புட்பால், எது பிடிக்கிறதோ ஆடட்டும். இரண்டு மூன்று வருஷம் கழித்து எந்தத் தூரம் என்று முடிவு செய்யலாம்.

சாயங்கால டியூஷனில் சேர்க்கப் போவதாக அக்கா சொன்னாள். வாரத்தில் இரண்டு நாளை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள், எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இப்போது வேண்டாம். அளவான ஷூ ஒன்று வாங்கினால் போதும். இருப்பது கட்டைவிரலை இடிக்கிறதாம், உங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்