சர்க்கரைக்காரர்களுக்கும் சுஷி

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய் இல்லாததால் சர்க்கரை நோயாளிகள், சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டும் ஜப்பானிய உணவான சுஷியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சிங்கப்பூரில் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சோற்றில் வினிகரோடு சீனியும் சேரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் கணவருக்குச் சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி, வெறும் சட்டியில் வதக்கி, ஆறியதும் துணியில் கட்டி ஒட்டப் பிழிந்துவிடுவேன். ஈரம் நின்றால் நோரி எனும் அந்தக் கடற்பாசித் தாள் நமுத்துக் கிழியும். பிடிப்புக்குக் கொஞ்சம் கிரீம் சீஸ். உள்ளே வெள்ளரி, அவகாடோ, ஆம்லெட் கீற்றுகள், டின் டூனா. ஈரச்சந்தை மீனைப் பச்சையாக வைக்கவே வேண்டாம். உணவுக் கடைகளில் நன்னீர் மீனைச் சமைக்காமல் பச்சையாகப் பரிமாற 2015-ல் தடை வந்தது நினைவிருக்கும். சோயா சாஸ் தொட்டுக்கொள்ள மட்டும். அதில் உப்பு ஏராளம்.

உங்கள் சமையல் பக்கத்தில் கேக்குக்கு நடுவே இதற்கும் ஓர் இடம் கொடுங்களேன்.

ஈசூன் வாசகி