நாற்பதைத் தாண்டி எடை தூக்கும் மாப்பிள்ளைக்கு

திருநகர், மதுரை
பங்குனி 14

அன்பு மாப்பிள்ளை சரவணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா ஐந்தாம் வகுப்புக்குப் போவதும், சின்னவன் எல்.கே.ஜி. சேரப்போவதும் படித்துச் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். பரீட்சை நேரம், கூடவே பங்குனி வெயிலும் ஏறிவிட்டது.

ஜிம்மில் எழுதிக் கொடுத்த அட்டவணையையும் பார்த்தேன். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால் என்று உடம்பைக் கூறு போட்டிருக்கிறார்கள். கல்யாணமாகாத 22 வயசுப் பையனுக்கு அது ஒத்துவரும். உனக்கு வராது. மூன்று தடவை ஆரம்பித்து விட்டதற்கு உனக்கு மனஉறுதி போதாததுதான் காரணம் என்று நீயாக எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அட்டவணையில் ஒரு நாள் விட்டால் ஒரு உறுப்பே அந்த வாரம் விட்டுப்போகும். இந்தப் புதன் சின்னவனுக்குக் காய்ச்சல், அடுத்த புதன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மூன்றாவது வாரம் பழைய எடையையே எடுத்துக் காலுக்குப் போட்டால் 3 நாளைக்குப் படி இறங்க முடியாத வலி. அந்த வலியில் நாலாவது வாரமும் போய்விடும். மூன்று தடவை நீ விட்டதற்கும் இந்தச் சங்கிலிதான் காரணம்.

உன்னிடம் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வீட்டில் எல்லாம் சரியாக நடக்கும் வாரத்தை மனசில் வைத்துத் திட்டம் போடாதே. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாள், நீ மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறாய் என்ற வாரத்தை எடுத்துக்கொள். அந்த வாரத்தில் எது நடக்குமோ அதுதான் உன் திட்டம். மிச்சமெல்லாம் கிடைத்தால் லாபம்.

கணக்காகச் சொன்னால், வாரத்துக்கு ரெண்டு நாள் கட்டாயம், மூன்றாவது நாள் விருப்பம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பெரியவர்களுக்கு உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் 2 நாளாவது பலப்பயிற்சி வேண்டும் என்றுதான் இருக்கிறது. 30 வயசுக்கு மேல் பயிற்சி இல்லாத உடம்பில் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறையும். ரெண்டு நாளும் முழு உடம்புக்கும் செய். அப்படிச் செய்தால் ஒரு நாள் தவறினாலும் எந்த உறுப்பும் அந்த வாரம் பட்டினி கிடக்காது.

முதல் நாள்: எடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தண்டால், ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி மறு கையால் எடையை இடுப்புப் பக்கம் இழுக்கும் ரோயிங். ரெண்டாம் நாள்: முழங்காலை லேசாக மடக்கி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியும் ரொமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல் அப். புல் அப் வராவிட்டால் நாற்காலியில் ஏறி, தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி கம்பியைப் பிடித்துக்கொண்டு, 5 விநாடி எடுத்து மெதுவாக இறங்கு. ஒவ்வொன்றும் 3 செட், அதாவது நடுவில் ஓய்வெடுத்து மூன்று சுற்று, செட்டுக்கு 8 முதல் 12 தடவை. தள்ளுவதையும் இழுப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றது வேலை செய்யும். சூடேற்றும் 5 நிமிஷத்தையும் சேர்த்து 35 நிமிஷத்தில் முடிந்துவிடும். கடைசியில் ரெண்டு கையிலும் எடையைப் பிடித்து மொட்டை மாடியை நாலு சுற்று நட. பிடிமானம், தோள், இடுப்பு மூன்றுக்கும் இதைப்போல் ஒன்று கிடையாது.

எடையை எப்போது ஏற்றுவது என்று கேட்டிருந்தாய். 3 செட்டிலும் 12 வந்த பிறகுதான். ஏற்றும்போது காலுக்கு இரண்டரை கிலோ, கைக்கு ஒன்றேகால் கிலோ. அதனால் பெரிய தட்டுகளைவிட ஒன்றேகால் கிலோ தட்டு நாலு வாங்குவது முக்கியம். கடையில் இதை யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், நீதான் கேட்கவேண்டும். இன்னும் ரெண்டு தடவை வரும் என்ற நிலையில் ஒவ்வொரு செட்டையும் நிறுத்திக்கொள். நம் வயசில் தசை சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு கட்டும் தசைநார் மெதுவாகத்தான் பழகும். ரெண்டாவது மாதம் உடம்பு தெம்பாக இருக்கிறது என்று எடையை வேகமாக ஏற்றுகிறவர்களுக்குத்தான் முழங்கையிலும் தோளிலும் வலி பிடிக்கிறது.

இப்போது நீ கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: பத்து நிமிஷ நாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, பள்ளிப் பேருந்துக்கு 40 நிமிஷம்தான் இருக்கிறது, மாவு அரைத்துத் தரவேண்டும். அன்றைக்கு ஸ்குவாட் ஒரு செட், தண்டால் ஒரு செட், ரோயிங் ஒரு செட். எடை வழக்கமானதே. செட்டைத்தான் குறைக்கவேண்டும், எடையைக் குறைக்கக்கூடாது. ஏற்கெனவே சேர்த்த பலத்தை அப்படியே வைத்துக்கொள்ள வாரம் ஒரு தடவை, குறைந்த செட் செய்தாலும் பல வாரங்களுக்குத் தாங்கும். எடையையும் சேர்த்துக் குறைத்தால் தாங்காது. இந்தப் பத்து நிமிஷ நாளை முழு நாளாகவே நோட்டில் எழுது. நோட்டில் தேதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை நாலு மட்டும் போதும். 40 பக்க நோட்டு ஒன்று ஒரு வருஷத்துக்கு வரும்.

வருஷத்தையும் நம்ம ஊர் வழக்கப்படிதான் பிரிக்கவேண்டும். பொங்கல் முடிந்து, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டெல்லாம் ஓய்ந்த பிறகு பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம், எடை ஏற்றலாம். மார்ச்சில் பரீட்சை, ரெண்டு நாள் போதும். சித்திரையில் வெயில் 40 டிகிரி, அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அப்போது பத்து நிமிஷ நாளைத் தவிர எதையும் எதிர்பார்க்காதே. ஜூனில் பள்ளி திறந்ததும் சளி, காய்ச்சல் ஒவ்வொருவராகச் சுற்றி வரும். ஜூலை நடுவிலிருந்து காலாண்டுப் பரீட்சை வரை கிட்டத்தட்ட எட்டு ஒன்பது வாரம், அதுதான் வருஷத்தின் உயிரான பகுதி. மூன்றாவது நாளையும் அப்போது சேர்த்துக்கொள். தீபாவளி, மழை, அரையாண்டு என்று மறுபடி குறையும். குறையும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால், குறைந்தபோது விட்டுவிட்டோம் என்ற எண்ணம் வராது.

அதற்காக ஜூலைக்குக் காத்திருக்காதே. இந்த வாரமே ரெண்டு பத்து நிமிஷ நாளோடு ஆரம்பி.

விட்டுத் தொடங்கும்போது கணக்கு இப்படி: ஒரு வாரம் விட்டால் எதுவும் குறையாது, பழைய எடையே போடு. மூன்று வாரம் விட்டால் பழைய எடையில் 80 சதவீதம், ஒரு செட் குறைவு. ரெண்டு மாதத்துக்கு மேல் விட்டால் பாதி எடை, ரெண்டு செட், ரெண்டு வாரம். பழகிய தசை சீக்கிரம் திரும்பி வரும், அவசரம் வேண்டாம். விட்டவன் முதல் நாளே முழு மூச்சில் செய்தால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. தாங்கமுடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சல் இருந்தால் பயிற்சியே கிடையாது, விட்டு ரெண்டு நாள் கழித்து அரை அளவு. மூக்கொழுகல் மட்டும் என்றால் லேசாகச் செய்யலாம்.

நேரத்தைப் பற்றி. காலை 5 மணிக்குச் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் எழுவதற்கு முன் கிடைக்கும் நேரம் அதுதான், நல்லது. ஆனால் எழுந்ததும் முதுகெலும்புத் தட்டுகள் ராத்திரி உறிஞ்சிய நீரோடு உப்பி இருக்கும். அப்போது குனிந்து எடை எடுத்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். அதனால் எழுந்து அரை மணி நேரமாவது நடமாடிய பிறகு டெட்லிஃப்ட் செய், வரிசையிலும் அதைக் கடைசியில் வை. ராத்திரி செய்வதானால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வேண்டாம். பகல் சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும். திறந்த மொட்டை மாடியே நல்லது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு செம்பு பக்கத்தில் இருக்கட்டும்.

சாமான் அதிகம் தேவையில்லை. தட்டு மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி, கெட்டி ரப்பர் விரிப்பு ஒன்று, கம்பி ஒன்று. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பினால் கிட்டத்தட்ட 30 கிலோ வரும், தூக்கி நடக்க அது போதும். வாளியின் கம்பிக் கைப்பிடி கையை அறுக்கும், பழைய தோட்டக் குழாயைக் கீறிச் சுற்றிவிடு. புல் அப் கம்பியைக் கதவு நிலையில் திருகி மாட்டாதே. கான்கிரீட் உத்தரத்தில் ஆங்கர் போல்ட் போட்டு இறக்கு, ஹாலோ பிளாக் சுவரில் பிடிமானம் நிற்காது. டம்பெல்லில் தட்டுகளை இறுக்கும் மறை ஒவ்வொரு செட்டுக்கும் தளரும். கையால் முறுக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கு. சின்னவன் பக்கத்தில் இருப்பான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தட்டுகளைச் சுவரில் சாய்த்து நிற்க வைக்காதே, படுக்க வைத்து விடு. சாய்த்து வைத்த தட்டைப் பிள்ளை பிடித்து இழுத்தால் அது காலில்தான் விழும். பாப்பா உன்னோடு செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யட்டும். ஒழுங்கான முறையில், தாங்கும் எடையில் செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. தண்டாலும் கம்பியில் தொங்குவதும் அவளுக்குப் போதும்.

தங்கச்சிக்கும் ரெண்டு நாள் எழுதி வை. மாதவிடாய் நிற்கும் வயசை ஒட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. அதைத் தடுக்க எடைப் பயிற்சி உன்னைவிட அவளுக்குத்தான் அவசியம். நீ திங்கள், வியாழன், அவள் செவ்வாய், வெள்ளி. ஒருவர் செய்யும்போது மற்றவர் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்க்கவேண்டும். இதை வாயால் பேசி விட்டுவிடாதே, காலண்டரில் குறி.

சாப்பாடு. 70 கிலோ உடம்புக்கு நாளுக்கு 85 முதல் 110 கிராம் வரை புரதம் வேண்டும். நம் சாப்பாட்டில் அது தானாக வராது. காலையில் 4 இட்லியில் 8 கிராம்தான், ரெண்டு முட்டை சேர்த்தால் 20. மதியம் சோறு, சாம்பார், ஒரு கிண்ணம் தயிரில் 17 வரும். சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலை ஊறப்போட்டுச் சுண்டல், ஒரு டம்ளர் பால், ரெண்டிலும் 16. ராத்திரி 3 தோசையோடு 50 கிராம் சோயா உருண்டை போட்ட குழம்பு என்றால் 35. மொத்தம் 88. கறி எடுக்கும் நாளில் சோயா வேண்டாம். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடும் ராத்திரியில் புரதம் குறைந்துதான் போகும். கூட ஒரு ஆம்லெட் போட்டுக்கொள். தசைப் பலத்துக்குச் சாப்பிடும் கிரியேட்டின் பொடி பற்றிக் கேட்டாய். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதை நினைவில் வை: கிரியேட்டின் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டலாம். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சில நாளுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டும் ஏறி, கல்லீரல் கோளாறு போலத் தெரியும். ஒரு வாரம் பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தம் கொடு, எடை தூக்குவதையும் மருத்துவரிடம் சொல். உனக்குச் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு என்றால், வெறும் வயிற்றில் செய்யாதே, சர்க்கரை திடீரென்று இறங்கும். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் அது கட்டுக்குள் வரும் வரை எடை கூடாது. தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் இன்னும் எகிறும், மேலே தள்ளும்போது மூச்சை விடு.

வலிக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள். பத்துக்கு மூன்றுக்குள் வலித்து, மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் எடையைக் குறை, அசைவை முற்றிலும் நிறுத்தாதே. அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும் வேகத்திலேயே உடம்பைத் திருப்பி ஸ்டாண்டில் கவிழ்க்கும் பழக்கத்தை விடு. பயிற்சியில் வராத முதுகுப் பிடிப்பு அங்கேதான் வருகிறது. கேனை நெஞ்சோடு அணைத்து, பாதத்தை நகர்த்தித் திரும்பு.

ஊர்ப் பொங்கலில் இளவட்டக்கல் தூக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பழகாத கல்லைத் திடீரென்று அணைத்துத் தூக்காதே. நாற்பதை ஒட்டிய ஆண்களுக்கு முழங்கைப் பக்கம் பைசெப்ஸ் தசைநார் அறுவது இப்படிப் பட்டென்று பாரம் விழும்போதுதான். ஆசை உண்மையானது என்றால் வருஷம் முழுக்க நேரம் இருக்கிறது. ஜூலையிலிருந்து 20 கிலோ மணல் மூட்டையை மடியில் ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு, பிறகு தோளுக்குக் கொண்டுபோகப் பழகு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு படி மணல் சேர்.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. டெட்லிஃப்டில் உன் முதுகு வளைகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பாண்டி