உப்சாலாவில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் பிள்ளையும் நலம். இரண்டு வயதுக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் படிக்கப் போனது சரிதானா என்று தொலைபேசியில் கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீ இருக்கும் அதே ஊரில் 1902இல் பிறந்து, பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி ஆல்வா மிர்தாலின் நினைவுதான் வந்தது.

பெண்களுக்கு மேல்படிப்பு எளிதில் கிட்டாத காலத்தில், தந்தையின் முயற்சியால் படித்து முன்னேறியவர் அவர். 1929இல் கணவர் குன்னாருடன் ஆய்வு உதவித்தொகையில் அமெரிக்கா சென்றபோது, யான் என்ற மூத்த மகனைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுச் சென்றார். யானுக்கும் அப்போது இரண்டு வயதுதான்.

திரும்பி வந்து அவர் கையிலெடுத்தது, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிரச்சினையை. ஸ்டாக்ஹோமில் 1935இல் கட்டப்பட்ட கூட்டுக் குடியிருப்பு அவருடைய யோசனையிலிருந்து பிறந்தது: கீழ்த்தளத்தில் பொதுச் சமையலறை, பிள்ளைகளுக்குக் காப்பகம், சமைத்த உணவை மாடி வீடுகளுக்கு ஏற்றிவிடச் சிறு மின்தூக்கி. ஆனால் 1934இல் கணவரோடு சேர்ந்து எழுதிய மக்கள்தொகை நூலில், சிலருக்குக் கட்டாயமாகவேனும் கருத்தடை செய்யலாம் என்ற கருத்தையும் அவர் ஆதரித்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐ.நா.வில் உயர்பதவி கிடைத்தபோது அவருக்கு வயது 47. பிறகு யுனெஸ்கோ, 1955 முதல் 1961 வரை டெல்லியில் சுவீடன் தூதர். இலங்கைக்கும் அவரே பொறுப்பு. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிந்தைய காலம். 1962 முதல் ஜெனீவா ஆயுதக்குறைப்புப் பேச்சுவார்த்தையில் சுவீடன் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நிலத்தடி அணுச் சோதனையைக் கண்டறிய நேரில் சென்று பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. அது வேவு பார்க்கும் தந்திரம் என்றது சோவியத். நிலநடுக்க ஆய்வு நிலையங்களின் பதிவுகளை நாடுகள் பகிர்ந்துகொண்டாலே பெருமளவு தெரிந்துவிடும் என்று, அறிவியலாளர்களிடம் மாணவியைப்போல் கற்றுக்கொண்டு வந்து, அணிசேரா நாடுகளின் பக்கம் நின்று வாதாடினார் ஆல்வா. 1963இல் கையெழுத்தான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டது. அப்படியும் அவர் எழுந்து போய்விடவில்லை; 1967 முதல் 1973 வரை ஆயுதக்குறைப்பு அமைச்சராகவும் இருந்து அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

1982இல் மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லெஸுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில்தான், பெற்றோரின் அன்பு கிட்டாத தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி மகன் யான் எழுதிய நூலும் வெளிவந்து நாட்டையே பேசவைத்தது. மகள் சிசெலாவோ பின்னாளில் தாயைப் பற்றிப் பரிவோடு எழுதினார். ஒரே தாய்க்கு இரண்டு சாட்சிகள். யாருடையது பொய் என்று கேட்டால், இரண்டுமே மெய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உன் பிள்ளை நாளை எந்தப் பக்கம் சாட்சி சொல்வானோ, நான் அறியேன். இப்போதைக்கு, நீ விட்டுப்போன நீலத் துப்பட்டாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். துவைக்க எடுத்தாலும் அழுகிறான். டிசம்பர் விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாயா என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா