சின்னவளின் கிராபிப் பெட்டி

பட்டர்வொர்த்

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் கடைசியில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்தின் கிராபிக் கடற்கரைக்குப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நான்கு வயதில் அவளுக்கு வாய்த்த இந்தப் பயணம் நம் இருவருக்கும் அந்த வயதில் வாய்க்கவில்லை. நாம் வளர்ந்த தோட்டத்திலிருந்து கடல் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. ஆனாலும் மாசி மகத்துக்குத் தவிர யார் நம்மைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள்?

நீ எழுதி அனுப்பிய பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பட்டுப்பாவாடை, வளையல் டப்பா, முறுக்கு டின், ‘கொடுப்பதற்கு’ என்று போட்டு நான்கு துண்டு. கிராபியில் யாருக்குக் கொடுக்கப் போகிறாய்? அங்கே உனக்கு உறவென்று ஒருவரும் இல்லையே. நம் வீடுகளில் வெளிநாடு என்றால் தமிழ்நாட்டு ஊர்தான், ஊர் என்றால் உறவுக்காரர்கள்தான். என் பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனபோது கொண்டு போன தகரப் பெட்டியில் அவருக்கென்று இருந்தது இரண்டு சேலைதானாம். மற்றதெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்கு. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. சுபாங் விமான நிலையத்தில் விமானம் ஏறிய காலத்திலும் பெட்டி மாறவில்லை. கோடாலித் தைலம், மைலோ டின், கைலி, சவர்க்காரம் என்று அடைத்துவிட்டு, பிள்ளைகளின் உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் உன் பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை பெட்டி முழுக்கச் சின்னவளுக்கு மட்டுமே இருக்கட்டும். அவள் உடம்புக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யோசி. பாதிப் பொருள் தானாகக் கழிந்துவிடும்.

முதலில் வெயில். மருந்தகத்தில் என் முன்னால் வந்து நிற்கும் அம்மாக்கள் எல்லாரும் சன்ஸ்கிரீனைத்தான் கேட்கிறார்கள், துணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் துணியைத்தான் முதலில் சொல்வேன். கழுத்து மூடிய முழுக்கை நீச்சலுடை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, பிடரியை மறைக்கும் துணி வைத்த தொப்பி. இவை இருந்தால் கிரீம் பூச வேண்டிய இடம் முகம், காது மடல், புறங்கை, பாதம் என்று சுருங்கிவிடும். நம் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்று உன் மாமியார் சொல்வார். கறுத்த தோலும் வெந்து உரியும், குழந்தைத் தோல் இன்னும் சீக்கிரம். கிரீம் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாமல், துத்தநாக ஆக்சைடு சேர்ந்ததாகப் பார்த்து வாங்கு. வெளியே இறங்குவதற்கு முன்பே பூசிவிடு. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். இங்கிருக்கும்போதே அவள் மணிக்கட்டின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, தடிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பார்த்துக்கொள்.

குப்பியின் பின்பக்கத்தையும் அவசியம் படி. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், 4-எம்.பி.சி., பியூட்டைல்பாரபன் இந்த நான்கில் எது இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீனைத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் கொண்டு போகக் கூடாது. பவளப்பாறைகளைக் கெடுக்கின்றன என்று 2021-இல் தடை போட்டார்கள், அபராதம் ஒரு லட்சம் பாத் வரை போகும். நீங்கள் படகில் போய் இறங்கும் தீவுகளில் பல அந்தப் பூங்கா எல்லைக்குள்தான் வருகின்றன. துத்தநாகக் கிரீம் வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது, இருந்தாலும் படித்துவிட்டு வாங்கு.

கிரீமை விடப் பெரிய மருந்து நேரம். காலை பத்து மணிக்கு முன்பும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் கடலில் விடு. நடுப்பகலில் சாப்பாடு, தூக்கம். தரையில் விழும் அவள் நிழல் அவளை விடக் குட்டையாக இருந்தால் உள்ளே கூட்டிப் போய்விடு. இதை அவளுக்கே சொல்லிக் கொடு. அவளே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது தண்ணீர். நீச்சலுடை வாங்கும்போது நீலமும் வெளிர்நிறமும் வேண்டாம். அந்த நிறங்கள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது அடர் இளஞ்சிவப்பு எடு. கைகளில் மாட்டும் காற்றுப் பட்டையையும் ஊதிப் பெருக்கும் வாத்தையும் நீ எழுதியிருக்கிறாய். இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடு. காற்று அடித்தால் வாத்து குழந்தையோடு ஆழத்துப் பக்கம் போகும், பட்டை கையிலிருந்து கழன்று வரும். அவள் எடைக்குப் பொருந்தும், கால்களுக்கிடையே பட்டி போட்ட லைஃப் ஜாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு போ. படகுகளில் குழந்தை அளவு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதைப் போட்டிருந்தாலும் உன் கை எட்டும் தூரத்திலேயே அவள் இருக்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் அன்று மணல் விளையாட்டு மட்டும்.

ரைலே கடற்கரைக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தாய். கட்டாயம் போ. ஆனால் அங்கே சாலை கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன, படகில்தான் போக முடியும். கிராபியின் கடற்கரை ஊரான ஆ நாங்கிலிருந்து நீள்வால் படகில் போகலாம். படகு கரையில் ஒட்டி நிற்காது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய், ஆடிக்கொண்டிருக்கும் படகின் ஏணியில் கால் வைத்து ஏற வேண்டும். கடல் வற்றியிருந்தால் இன்னும் தூரம் நடக்க வேண்டும். இப்போது யோசித்துப் பார்: ஒரு இடுப்பில் சின்னவள், இன்னொரு கையில் சக்கரப் பெட்டி. முடியுமா? அதனால்தான் சொல்கிறேன், பெரிய பெட்டி ஓட்டலிலேயே இருக்கட்டும். வாயைச் சுருட்டிப் பூட்டும் ரப்பர் பை ஒன்று முதுகில் மாட்டிக்கொள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பணம், மாற்றுடை, மருந்து எல்லாம் அதற்குள். சின்னவளுக்குக் குதிகாலில் பட்டி உள்ள ரப்பர் செருப்பு போடு. சாதாரணச் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், வெறும் காலைப் பவளத் துண்டு கிழிக்கும்.

ஜெல்லி மீனைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தாய். நம் பினாங்குக் கடலிலும் உண்டு, அங்கேயும் உண்டு. பெட்டி வடிவத்தில் ஒரு வகை இருக்கிறது, அதுதான் ஆபத்து. முழுக்கை உடை இதற்கும் காப்பு. பட்டுவிட்டால் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே. வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்று, உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு. தாய்லாந்துக் கடற்கரைகள் பலவற்றில் கம்பத்தில் வினிகர் குப்பி வைத்திருப்பார்கள். போய் இறங்கிய அன்றே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வை.

மருந்துப் பை என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பாராசிட்டமோல் சிரப் இங்கே இரண்டு வலுவில் விற்கிறது: 5 மில்லி லிட்டருக்கு 120 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் ஒன்று. பார்க்க ஒரே மாதிரி குப்பிகள், ஒரே கரண்டி, ஆனால் மருந்து இரண்டு மடங்கு. வீட்டில் எது இருக்கிறதோ அதையே கொண்டு போ. அங்கே புதிதாக வாங்கி, பழைய கணக்கில் கொடுக்காதே. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. கிளம்பும் முன் அவளுக்கு எடை பார்த்து, அந்த எடையையும் மில்லி லிட்டர் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குப்பியில் ரப்பர் போட்டுக் கட்டிவிடு. நடுராத்திரிக் காய்ச்சலில் யாருக்கும் கணக்கு வராது. டெங்கி அங்கேயும் இருப்பதால் காய்ச்சலுக்கு இபுபுரோபன் கொடுக்காதே. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள் எடுத்துக்கொள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கலக்காதே. பேதியை நிறுத்தும் பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தையிடம் நெருங்கவே விடாதே. வெப்பமானி, கொசு விரட்டி, பிளாஸ்டர் போதும். கொசு விரட்டியைச் சன்ஸ்கிரீன் பூசிய பிறகுதான் தடவ வேண்டும். படகில் வாந்தி வராமலிருக்க மருந்து வேண்டுமா என்று உங்கள் டாக்டரைக் கேள், நான் இங்கிருந்து சொல்லக் கூடாது.

காகித வேலை உனக்குத் தெரிந்ததுதான். கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சின்னவளுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு இப்போதே போ. பன்னிரண்டு வயது வரை 100 ரிங்கிட்தான். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து மின்னியல் வருகை அட்டை கேட்கிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தைத் திறந்துவிட்டால் மூடிவிடு. உன் வீட்டுக்காரருக்கு வேலை வந்து நீ மட்டும் கூட்டிப் போவதானால், அவர் கையெழுத்திட்ட கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் வைத்துக்கொள். அவருடைய மின்சிகரெட் வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே சட்டப்படி குற்றம்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. கிராபியில் முஸ்லிம் மக்கள் நிறையப் பேர், ஆ நாங்கில் நம்மவர் உணவகங்களும் இருக்கின்றன. ‘மாய் பெட்’ என்று சொன்னால் காரம் போடாமல் தருவார்கள். ஆனால் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்கு. முறுக்கு டின் மட்டும் இருக்கட்டும், அதை அவள் சாப்பிடுவாள். நம் மூன்று கால் பிளக் அங்கே நுழையாது, மாற்று பிளக் ஒன்று வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்.

கடைசியாக, அவளுக்கென்று ஒரு சின்னப் பை கொடு. அதில் அவளே அடுக்கட்டும். ஒரு வாளி, ஒரு கரண்டி, தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணி. வேறு என்ன வைத்தாலும் எடுத்து வெளியே போடாதே. சிப்பி பொறுக்கிக்கொண்டு வர ஆசைப்படுவாள். தேசியப் பூங்காவிலிருந்து சிப்பியோ பவளமோ எடுத்து வருவது தடை, அதனால் போகும் முன்பே சொல்லி வை. கரையிலேயே வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்பாள். உன்னைப் போலப் பிடிவாதம் இருந்தாலும், காரணம் சொன்னால் கேட்கிற பிள்ளைதானே.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறியே தீருவேன் என்கிறார். ஏறட்டும், நான் பின்னாலேயே போகிறேன். பழைய தோட்டத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்துப் புளியமரம் மட்டும் நிற்கிறது என்று அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவர் அடுத்த வாரம் ஈ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூர் வருகிறார். என் மகளுக்குச் சின்னதாகிப்போன முழுக்கை நீச்சலுடை ஒன்று இருக்கிறது, ஆரஞ்சு நிறம், துணி இன்னும் நன்றாக இருக்கிறது. சின்னவளின் உயரத்தை அளந்து உடனே எழுது. பொருந்துமானால் அவரிடம் கொடுத்துவிடுகிறேன், கே.எல். சென்ட்ரலில் வந்து வாங்கிக்கொள்.

என்றும் உன் தோழி